ஜம்புநாதனின் கிழக்கு

வழி தெரியாதவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்கள் நல்லவர்கள். முக்குக்கு முக்கு வண்டியை நிறுத்தி, டீக்கடையில் கேட்டு, பான் கடையில் சரிபார்த்து, ஆட்டோக்காரரிடம் மேல்முறையீடு செய்து, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே போய்ச் சேர்ந்து, காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லவந்தது வழி தெரிந்தவர்களைப் பற்றி. உலகத்தில் தொலைந்துபோகிறவர்கள் எல்லாரும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

இவர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். இவர் வழி கேட்க மாட்டார். கேட்டே தீரவேண்டும் என்று வந்துவிட்டால், பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பார்: "இது நேரா ஸ்வார்கேட்தானே போறது?" சாலையோரம் நிற்பவரும் மனுஷர்தானே! இத்தனை நம்பிக்கையோடு கேட்கிறவரின் மனத்தை முறிப்பானேன் என்று தலையை ஆட்டிவிடுவார். மனைவி கேட்டு யாராவது சரியான வழியைச் சொல்லித் தொலைத்தால், முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, வண்டி நகர்ந்ததும், "அவன் ஊருக்குப் புதுசு" என்பார். தொலைந்துபோனது ஊர்ஜிதமான பிறகு, "இந்தப் பக்கம் ஒரு தடவை வந்து பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிண்டிருந்தேன்" என்பார். பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு பாக்டரியின் பின்சுவர் இருக்கிறது. அதையும் ஒரு நிமிஷம் மரியாதையாகப் பார்ப்பார்.

அவர் பிறருக்கு வழி சொல்லும் அழகே தனி. செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும்படியாக இரண்டு கைகளையும் நீட்டி நீட்டி, "முன்னாடி ஒரு டாக்கீஸ் இருந்தது, இப்ப இடிச்சுட்டா, அது இருந்த எடத்துல லெஃப்ட். அப்புறம் ஒரு பல் டாக்டர் போர்டு வரும், அவர் போய்ச் சேர்ந்துட்டார், அங்க ரைட்" என்று இல்லாத கட்டிடங்களையும் இறந்த மனிதர்களையும் வரிசையாக நிறுத்தி ஒரு பாதை போட்டுத் தருவார். அந்தப் பாதையில் போகிறவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

புனேயில், கட்கியில் எங்கள் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஜம்புநாதன் இந்த இனத்தின் திலகம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேலை பார்த்த கிளை, கட்கி பஜாரில், வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை, அவருக்குப் பதினெட்டு. ஓட்டலில் கை கழுவப் போனால், திரும்பிவந்து இன்னொரு குடும்பத்தின் மேஜையில் உட்காருவார். ஒருமுறை அங்கே பாதி மசால் தோசை வரை சாப்பிட்டிருக்கிறார். சதாசிவ் பேட்டையில் ஜோஷி என்ற நண்பரைப் பார்க்கப் போய், அதே தெருவில் வேறொரு ஜோஷியின் வீட்டுக் கதவை வாரா வாரம் நான்கு வாரம் தட்டினார். ஐந்தாம் வாரம் அந்தக் கதவில் புனேக்காரர்களுக்கே உரிய ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது: 'நீங்கள் தேடும் ஜோஷி நான் அல்ல. அவர் இருக்கும் இடமும் எனக்குத் தெரியாது. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குகிறேன்.' ஜம்புநாதன் அதை நின்று படித்துவிட்டு, "பாவம், இவரை யாரோ ரொம்பத் தொந்தரவு பண்ணியிருக்கா" என்றார்.

இத்தனைக்கும் திசை ஞானத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதுதான் வேடிக்கை. காலையில் எழுந்ததும் தமிழ்த் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, இன்றைக்குச் சூலம் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் பல்லில் பிரஷ் படும். திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது, செவ்வாயும் புதனும் வடக்கே ஆகாது, வியாழன் தெற்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கறிகாய் வாங்கக்கூடச் சூலம் பார்த்து, தெருவின் எந்த வாய் வழியாக நுழைவது என்று முடிவுசெய்வார். கிழக்கு எது என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு சுவாமி ஷெல்ஃப் இருக்கிறது. அதைப் பார்த்து நின்றால் மூக்கு எந்தப் பக்கம் நீளுகிறதோ அது கிழக்கு. ஊர் முழுவதையும் அந்த மூக்கிலிருந்துதான் அவர் அளந்து வைத்திருந்தார்.

ஒரு கார்த்திகை மாதம் நான் கேட்டேன்: "ஓய், காலை வெயில் உம்ம ஹால் ஜன்னல்லன்னா அடிக்கறது? சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே?"

"தட்சிணாயனம்" என்றார். "சூரியன் ஒதுங்கித்தான் உதிப்பான்."

தை பிறந்த பிறகு மறுபடி கேட்டேன்.

"இப்பத்தானே திரும்பியிருக்கான்? கொஞ்சம் டயம் குடும்."

இருபத்திரண்டு வருஷம் டயம் கொடுத்தாயிற்று. சூரியன் திருந்தவில்லை.

இனி நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். ஜம்புநாதனின் ஒரே பெண் ப்ரீதி. பையன் தேஜஸ். பையனின் தகப்பனார் வெங்கடேஸ்வரன், ராணுவக் கணக்குத் துறையில் இருந்தவர், கடிகாரம் அவரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர்களை ஜம்புநாதன் போனில் வழி சொல்லிக் கூப்பிட, போபோடியின் சந்துகளில் ஒன்றேகால் மணி நேரம் சுற்றி, ஒரே ஆட்டுக்குட்டியை மூன்று தடவை சந்தித்துவிட்டு, பஜ்ஜி ஆறிய பிறகு வந்து சேர்ந்தார்கள். "உங்க டிரைவர் ஊருக்குப் புதுசு" என்று பழியை அங்கே போட்டார் ஜம்புநாதன். வெங்கடேஸ்வரன் அந்தத் தாமதத்தை மறக்கவில்லை. ஹடப்சரில் மண்டபம் பிடித்து, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் மோதிரம் மாற்றிவிட வேண்டும் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். பையன் திங்கட்கிழமை ஜெர்மனிக்குப் புறப்படுகிறான். வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். "பத்தரை தாண்டினா நான் நடத்த விடமாட்டேன். ஒரு வருஷம் கழிச்சு, தோணினா பாத்துக்கலாம்." அந்தத் 'தோணினா'வில்தான் ப்ரீதி நாலு நாளாகத் தூங்கவில்லை.

அவள் காலை ஆறரைக்கே அலங்காரத்துக்காக ஹடப்சருக்குத் தன் சிநேகிதியோடு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள். போகுமுன் வாசலில் நின்று சொன்னாள்:

"அப்பா, ப்ளீஸ். நீங்க முன்னாடி போக வேண்டாம். ஸ்டீபன் அண்ணா வேன் முன்னாடி போகட்டும், நீங்க பின்னாடி. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டி."

"மேப் போட்டுக்கோங்கோ. அது என்ன சொல்றதோ அத பண்ணுங்கோ. ஆர்க்யூ பண்ணாதீங்கோ."

"நான் யார்கூட ஆர்க்யூ பண்ணியிருக்கேன்?"

ஸ்டீபன் கட்கிக்காரன். மூன்று தலைமுறையாக வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்த குடும்பம். இவன் மட்டும் வேன் வாங்கி ஓட்டுகிறான். கும்பகோணத்திலிருந்து வந்த உறவினர் பதினோரு பேரும் அவன் வேனில். ஜம்புநாதனின் காரில் அவர் ஓட்ட, பக்கத்தில் மனைவி பட்டு, மடியில் மோதிரப் பெட்டி. பின்சீட்டில் வாத்தியாரும், ஜம்புநாதனின் அத்தையும், சீர்த்தட்டுகளைத் தாங்கியபடி நானும். மணி எட்டரை. இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஹடப்சர் முக்கால் மணி நேரப் பாதை. என்ன ஆகிவிடப்போகிறது?

வேனில் ஏற ஸ்டீபன் ஒரு மாமிக்குப் படி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஜம்புநாதன் காரை நகர்த்தி, அவன் பக்கம் தலையை நீட்டி, "என் பின்னாலேயே வாப்பா!" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

"ஏன்னா, ப்ரீதி சொல்லிட்டுப் போனாளே" என்றாள் பட்டு.

"முகூர்த்தத்துக்குப் போறச்சே பொண்ணோட அப்பா பின்னாடி போறதா?"

ஹோல்கர் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. வலது பக்கம் போனால் எரவடா, பண்ட் கார்டன் வழியாக ஹடப்சர். இடது பக்கம் போனால் விஷ்ராந்த்வாடி, திகி, அப்புறம் ஆளந்தி க்ஷேத்திரம். பட்டுவின் கையில் இருந்த போனில் மேப்புக்காரி மிகத் தெளிவாக, இரண்டு முறை, வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். ஜம்புநாதன் காரின் வேகத்தைக் குறைத்தார். கண்ணை அரைவாசி மூடினார். மனத்துக்குள் சமையலறைக்குப் போய் ஷெல்ஃபுக்கு எதிரே நின்றுவிட்டு வருகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஹடப்சர் தென்கிழக்கு. ஊருக்கே தெரியும். இவ காட்டற ரோடு தென்மேற்குன்னா போறது!"

"அவ சொன்னா சரியா இருக்கும்னா."

"அவளுக்கு இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு தெரியுமோ? மேற்கே சூலம். நல்ல காரியத்துக்குப் போறச்சே சூலத்துல போய் நுழையச் சொல்றா."

பின்சீட்டிலிருந்து வாத்தியார், "அப்படியிருந்தா ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுண்டு போலாமே, பரிகாரம் சொல்லியிருக்கே" என்று மெதுவாகச் சொன்னார்.

"பரிகாரம் வேற வழி இல்லாதவாளுக்கு. நமக்குத்தான் வழி இருக்கே!" என்று சொல்லி, ஜம்புநாதன் இடது பக்கம் திரும்பினார்.

பின்னால் ஸ்டீபன் ஹாரன் அடித்தான். ஜம்புநாதன் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி ஆட்டினார். மறுபடி அடித்தான். மறுபடி ஆட்டினார். "பாரும், என்ன உற்சாகமா வரான்!" என்றார் என்னிடம். போன் அடித்தது, ஓட்டும்போது போனை எடுப்பது சட்டவிரோதம் என்று விட்டுவிட்டார். பட்டு எடுக்கப்போனால், "அவனுக்கு என்ன, பின்னால வந்தாப் போறும்" என்றார். ஸ்டீபனும் என்னதான் செய்வான்? மோதிரமும் வாத்தியாரும் முன் காரில் இருக்கிறார்கள். விட்டுவிட்டு அவன் மட்டும் ஹடப்சர் போய் யாருக்கு என்ன பிரயோஜனம்?

விஷ்ராந்த்வாடி வந்தது. "ரோட்டை மாத்திட்டான்" என்றார். திகி வந்தது. "இந்தப் பக்கம் எவ்வளவு டெவலப் ஆயிடுத்து பாத்தேளா?" என்றார். கட்டிடங்கள் குறைந்து, கரும்புச் சாறு வண்டிகள் கூடின. பட்டு ஒவ்வொரு பலகையாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்னா, ஆளந்தி ஆறு கிலோமீட்டர்னு போட்டிருக்கான்."

"அது ஆளந்திக்குப் போறவாளுக்கு."

ஒன்பது இருபதுக்கு ஓர் ஆறு வந்தது. படித்துறை வந்தது. நெற்றியில் கோபிச் சந்தனமும் கையில் ஜால்ராவுமாக ஒரு கூட்டம் பாடிக்கொண்டு எதிரே வந்து, காரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. ஜம்புநாதனே இப்போது வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பூக்கடை வைத்திருந்த பெண்மணியிடம், "ஹடப்சர் இதர்தானே?" என்று கேட்டார்.

"ஹடப்சர்? காகா, இக்டே நாஹி! மாகே, மாகே!" என்று, அவள் நாங்கள் வந்த வழியைக் காட்டினாள்.

"இவ ஊருக்குப்..." என்று ஆரம்பித்தவர், பூக்கடையின் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இந்தக் களேபரத்தில் பரம சந்தோஷமாக இருந்தவர் அத்தை ஒருத்திதான். "என் ஆயுசுல ஆளந்தி பாப்பேன்னு நெனக்கலைடா ஜம்பு! என்னைக் கேக்காமலே கூட்டிண்டு வந்துட்டியே! இறக்கி விடு, ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று கார்க் கதவைத் திறந்தே விட்டாள். வாத்தியார் அவள் புடவைத் தலைப்பைப் பிடிக்கலாமா கூடாதா என்று சாஸ்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் ப்ரீதியின் அழைப்பு. வண்டி நின்றிருந்ததால் சட்டமும் துணைக்கு வரவில்லை. ஜம்புநாதன் எடுத்தார்.

"அப்பா, எங்க இருக்கேள்?"

"வந்துண்டே இருக்கோம். பத்து நிமிஷம்."

"அது என்னப்பா ஜால்ரா சத்தம்?"

"சிக்னல்ல யாரோ வாசிக்கறா."

ஸ்டீபன் வேனிலிருந்து இறங்கி வந்து ஜன்னலருகே நின்றான். கோபமாக இல்லை. அதைத் தாண்டிப்போயிருந்தான்.

"என்னா சார் இது? பாலத்தாண்ட இருந்து ஹாரன் அடிச்சிகினே வர்றேன், நீங்க டாட்டா காட்டிகினே போறீங்க! ஹடப்சர் கிதர், ஆளந்தி கிதர்?"

"தென்கிழக்கு பாத்துத்தான்பா வந்தேன்."

"தென்கிழக்கா? சூரியன் எங்க நிக்குது பாருங்க சார்."

"அது தட்சிணாயனத்துல..."

"என்னா அயனமோ சார், எனக்குத் தெரியாது. காலைல ஒன்பது மணிக்கு சூரியன் கெழக்காலதான் நிக்கும். நீங்க வடக்கால வந்திருக்கீங்க. உங்களுக்கு யாரு சொன்னது இதுதான் தெற்குன்னு?"

"என் வீட்டு சுவாமி ஷெல்ஃப் கிழக்கு பாத்த ஷெல்ஃப்."

ஸ்டீபன் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தான். அந்த ஃப்ளாட்டை ஜம்புநாதனுக்கு விற்றது ஸ்டீபனின் தகப்பனார். ஸ்டீபன் பிறந்து வளர்ந்த வீடு அது.

"சமையக்கட்டுல இருக்கிற பலகையா? சார், அது எங்கப்பா ரேடியோ வெக்க அடிச்சது. ஏரியல் ஒயரு அந்த செவுத்துலதான் வந்திச்சி. அது வடக்கு செவுரு."

"விளக்கு ஏத்தின கறை இருந்ததேப்பா!"

"கரண்டு போனா அதுமேலதான் மெழுகுவத்தி வெப்போம்."

இருபத்திரண்டு வருஷம், நாள் தவறாமல், ஒரு ரேடியோ இருந்த இடத்திலிருந்து பிரபஞ்சத்தை அளந்து, சூலத்துக்குப் பயந்து தினமும் சரியாகச் சூலத்துக்குள்ளேயே போய்வந்த ஒரு மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. சீர்த்தட்டு மடியில் இருந்ததால் முடியவில்லை.

"நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க" என்றான் ஸ்டீபன். இந்த இனத்துக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. அத்தையை வேனில் ஏற்றி, சரோளி, தானோரி என்று ஏதேதோ உள்வழிகளில் புகுந்து, கராடியில் நெரிசலில் மாட்டி, முண்ட்வா ரயில்வே கேட் மூடியிருக்க அங்கேயும் நின்று வந்தோம். வழியில் ப்ரீதி ஆறு முறை கூப்பிட்டாள். ஆறு முறையும் பத்து நிமிஷம்தான். எத்தனை மணிக்குக் கேட்டாலும் இந்த இனத்தின் எல்லா இடங்களும் பத்து நிமிஷத் தொலைவில்தான் இருக்கின்றன. ஆறாவது முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டப வாசலில் இறங்கியபோது பத்து ஐம்பது. வெங்கடேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அறுபது பேர். நடுவே, மை கலைந்துவிடாமல் இருக்க மேலே பார்த்து விழித்துக்கொண்டு, பட்டுப் புடவையில் ப்ரீதி.

வாத்தியார் முந்திக்கொண்டார். "பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடியறது. பன்னெண்டேகாலுக்கு மேல கௌரி நல்ல நேரம் இருக்கு. பேஷா மாத்திக்கலாம்."

"நேரம் தப்பினதுக்குப் பஞ்சாங்கத்துல வழி இருக்கு, தெரியும் ஸ்வாமி" என்றார் வெங்கடேஸ்வரன். "ஏழு தடவை பத்து நிமிஷம்னு சொன்னதுக்கு எங்க இருக்கு? வழியில என்ன ஆச்சு, சம்பந்தி? டிராஃபிக்கா?"

எவ்வளவு பெருந்தன்மையான கேள்வி! புனேயில் அந்த ஒரு சொல்லுக்குள் எந்தப் பாவத்தையும் ஒளித்துவைக்கலாம். மெட்ரோ வேலை, தண்ணீர் லாரி, மந்திரி வருகை, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஜம்புநாதனும் வாயைத் திறந்தார். டிராஃபிக் என்ற சொல் அவர் உதட்டு வரை வந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். ப்ரீதியும் பார்த்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லை" என்றார் ஜம்புநாதன். "எனக்கு வழி தெரியாது."

ப்ரீதி கண்ணைத் திறந்தாள்.

"இன்னிக்கு மட்டும் இல்லை. எப்பவுமே தெரியாது. கொழந்தை பின்னாடி வரச் சொன்னா. வரேன்னு சொல்லிட்டு முன்னாடி போனேன். ஆளந்திக்குப் போயிட்டோம். போபோடியில உங்களைச் சுத்த விட்டதும் நான்தான், உங்க டிரைவர் இல்லை."

வெங்கடேஸ்வரன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். அன்றைக்கு முதல் முறையாக. "டிரைவரை நான் அன்னிக்கே வேலைய விட்டு நிறுத்திட்டேனே" என்றார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "நாளைக்குக் கூப்பிட்டுடறேன். எல்லாரும் உள்ள வாங்கோ. மொதல்ல சாப்பாடு. மோதிரம் பன்னெண்டேகாலுக்கு" என்றார்.

ப்ரீதி அப்பாவிடம் வந்தாள். "இத ஒரு இருபது வருஷம் முன்னாடி சொல்லியிருந்தேள்னா, ஒரு சிநேகிதி பர்த்டேக்காவது கேக் வெட்றதுக்கு முன்னாடி நான் போயிருப்பேன்" என்றாள். அழுகையும் சிரிப்பும் கலந்ததில் மை கலைந்தது. மறுபடி போட நேரம் இருந்தது.

அவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார், அதுதான் இப்போது எங்கள் பிரச்சினை. திசைகாட்டி வாங்கி, வீட்டின் நாலு சுவரிலும் கிழக்கு, மேற்கு என்று சீட்டு ஒட்டி, ஒவ்வொரு சந்தியிலும் சூரியனைப் பார்த்துவிட்டு நடக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற கிழக்கு இப்போது சத்தியமான கிழக்கு. ஆனால் பால் பூத்துக்கும் கறிகாய் மார்க்கெட்டுக்கும் இத்தனை வருஷம் தப்பான கிழக்கை வைத்துச் சரியாகப் போய்க்கொண்டிருந்தார் இல்லையா? இப்போது சரியான கிழக்கை வைத்துத் தப்பாகப் போகிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: போன வாரம் பால் பூத்துக்கு எதிரே நின்றுகொண்டு, பால் பூத் எங்கே என்று ஒருவரிடம் கேட்டார். பதிலை உள்ளே வைக்காமல் கேட்டார். அந்த மனிதரும் சரியாகக் காட்டினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உங்கள் மைத்துனரையோ மாமனாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஜன்னலைப் பார்க்காமல், வடக்கு எது என்று கையை நீட்டுங்கள். நீட்டினீர்களா? அது வடக்குதானா என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு அது அவசியமும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் நீட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "இப்படியா இருக்கும்?" என்று இழுத்தீர்களானால், உங்கள் வீட்டுப் பெண் நேரத்துக்குக் கல்யாணம் செய்துகொள்வாள். கை சட்டென்று, துப்பாக்கிக் குண்டு மாதிரி போயிற்றென்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு மோதிரத்தையும் வாத்தியாரையும் வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள்.